முட்டி வலிக்கிறது, ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் வங்கி ஒன்றில் வேலை. மூன்று வருடமாகக் காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறேன், வாரம் நான்கு நாள், மொத்தம் 22 கிலோமீட்டர் போல. டிசம்பரில் அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) ஓட ஆசைப்பட்டு ஒரு குழுவில் சேர்ந்தேன். செப்டம்பரில் மூன்றே வாரத்தில் 38 கிலோமீட்டருக்கு ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை 10 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் 16 ஓடினேன். நடுவில் இரண்டு ஞாயிறு மருதமலை ஏறி இறங்கினோம். அதிலிருந்து வலது முட்டியின் முன்பக்கம் வலி. மாடிப்படி இறங்கும்போதும், சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும் அதிகம். வீக்கம் இல்லை. உட்கார்ந்து எழுந்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கிறது. எக்ஸ்ரே எடுத்ததில் ‘லேசான தேய்மானம்’ என்று எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 66 வயதில் இரண்டு முட்டியும் மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். “ஓடி ஓடி நீயே தேய்த்துக்கொண்டாய், இனி நடந்தால் போதும்” என்கிறார்கள் வீட்டில். பத்து நாள் ஓடவில்லை. பிறகு முட்டிக்கு ‘நீ கேப்’ உறை மாட்டிக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு 5 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன்; அன்று சாயங்காலம் படி இறங்கவே முடியவில்லை. கொலாஜன் பவுடர் சாப்பிடச் சொல்கிறார் ஒரு தோழி. ஓட்டத்தை விட்டுவிட வேண்டியதுதானா? டிசம்பர் ஓட்டம் என்ன ஆகும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஓட்டத்தை விட வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் வலியைவிடப் பயம்தான் எனக்கு அதிகமாகத் தெரிந்தது. எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் முட்டி கெட்டுப்போய்விட்டது என்பதற்கான அடையாளம் அதில் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் அது தாங்கக்கூடியதற்கு மேல் வேலை வாங்கியிருக்கிறீர்கள். அது முறையிடுகிறது.

தொட்டுப் பார்க்காமல், நடக்க வைத்துப் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்து எந்த பிசியோதெரபிஸ்டும் அடித்துச் சொல்லக் கூடாது. அதனால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதுகிறேன். பொருந்தாத இடம் வந்தால் நேரில் போய்க் காட்டிவிடுங்கள்.

“எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்” என்று கிளினிக்கில் கேட்டால், இந்த வகை வலி உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள். உள்ளங்கையை முட்டிச் சில்லின் மேல் கவிழ்த்து, “இங்கேதான், இதைச் சுற்றி, உள்ளுக்குள்ளே எங்கேயோ” என்பார்கள். நீங்களும் இப்போது கையை வைத்துப் பாருங்கள். அப்படித்தான் காட்டத் தோன்றுகிறது என்றால், படி இறங்கும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலி கூடுகிறது என்று நீங்கள் எழுதியதையும் சேர்த்து, இது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான மூட்டில் வரும் வலி என்று பெருமளவு நம்பிச் சொல்லலாம். ஓடுகிறவர்களுக்கு முட்டியில் வரும் வலிகளில் இதுதான் மிகச் சாதாரணமானது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது.

சில்லு என்பது தொடை எலும்பின் முன்பக்கம் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடும் சின்ன எலும்பு. தொடையின் முன்தசை இழுக்கும் இழுப்பெல்லாம் அதன் வழியாகத்தான் காலுக்குப் போகிறது. முட்டி மடங்க மடங்க, சில்லு பள்ளத்தோடு அழுந்துவது கூடும். சமதளத்தில் நடக்கும்போது அந்த அழுத்தம் உடல் எடையில் பாதி என்றால், படியில் மூன்று மடங்குக்கு மேல், முழுக்கக் குந்தி உட்காரும்போது ஏழெட்டு மடங்கு என்பது எங்கள் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இறக்கத்தில் நிலைமை இன்னும் கடினம். ஏறும்போது தொடைத் தசை உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே, உங்கள் எடையைப் பிரேக் பிடித்துப் பிடித்து இறக்குகிறது. மருதமலையில் உங்களுக்கு மூச்சு வாங்கியது ஏறும்போதாக இருக்கலாம். முட்டி அடி வாங்கியது இறங்கும்போதுதான்.

இப்போது உங்கள் செப்டம்பரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கால் சுமார் 600 தடவை தரையில் இறங்கும். வாரம் 22 கிலோமீட்டர் என்றால் வலது காலுக்கு 13,200 தடவை. 38 என்றால் 22,800. மூன்றே வாரத்தில் ஒரு முட்டிக்கு வாரம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கூடுதல் அடி, அதற்கு மேல் மலை இறக்கம் வேறு. தசை சில வாரங்களில் பழகிவிடும், மூச்சு அதைவிடச் சீக்கிரம் பழகும். எலும்பும் தசைநாரும் மூட்டும் மெதுவாகத்தான் பழகும். “எனக்கு மூச்சு வாங்கவே இல்லை, அதனால் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓடினேன்” என்று சொல்கிறவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள்.

ஞாயிறு ஓட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2025இல் வெளிவந்தது. வாரத்தின் மொத்தத் தூரம் எவ்வளவு கூடியது என்பதைவிட, ஒரே ஓட்டத்தில் எவ்வளவு கூடியது என்பதுதான் காயத்தோடு ஒட்டிப்போனது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கூட்டியவர்களுக்குக் காயம் அதிகமாக வந்தது. நீங்கள் பத்திலிருந்து பதினாறுக்குப் போயிருக்கிறீர்கள், அதாவது 60 சதவீதம். குழுவோடு ஓடும்போது இது நடந்துவிடும். பேச்சும் சிரிப்புமாகத் தூரம் தெரியாது. குழுவில் இருங்கள், ஆனால் தூரத்தை மட்டும் உங்கள் கணக்குப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த எக்ஸ்ரே. ‘லேசான தேய்மானம்’ என்ற இரண்டு சொல் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் நகரில் 50 வயதைத் தாண்டியவர்களில், எக்ஸ்ரேயில் தேய்மானமே தெரியாதவர்களாகப் பார்த்து எடுத்து, அவர்கள் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. வலி உள்ளவர்களுக்கும் தெரிந்தது, வலியே இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு தெரிந்தது. நாற்பதைத் தாண்டியவர்களின் முட்டியைப் படம் எடுத்தால், வலி இல்லாத பலருக்கும் ஏதாவது தெரியத்தான் செய்யும். உங்கள் இடது முட்டியையும் எடுத்திருந்தால் அதே இரண்டு சொல்லை அதற்கும் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அது வலிக்கவில்லையே!

டயர் தேய்வதுபோல மூட்டும் ஓட ஓடத் தேயும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. டயருக்கு உயிர் இல்லை. மூட்டில் உள்ள குருத்தெலும்பு உயிருள்ள திசு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் வர வேண்டும். அழுந்தி விடுபட்டு, அழுந்தி விடுபட்டுத்தான் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. அசைவு இல்லாவிட்டால் அதன் பாடு திண்டாட்டம். 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உடல்நலத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே ஓடும் உயர்மட்ட ஓட்டக்காரர்களில் 13.3 சதவீதம். முட்டி கெட்டவர்கள் ஓட்டத்தை முன்பே நிறுத்தியிருப்பார்கள் என்பதால், ஓடினால் தேய்மானம் வராது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் உங்களைப் போல ஓடுவது முட்டியை அழிக்கிறது என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் நெடுந்தூர ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் 1984இலிருந்து ஏறத்தாழ இருபது வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். அதிலும் ஓடியவர்களின் முட்டி மற்றவர்களுடையதைவிட வேகமாகத் தேயவில்லை.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குடும்பவாகு என்பது உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். கூடவே வயது, அதிக எடை, எப்போதோ முட்டியில் பட்ட பெரிய அடி, தொடைத் தசையின் பலவீனம் என்று பல காரணங்கள் சேர்ந்துதான் அந்த நிலைக்குக் கொண்டுபோகும். அவற்றில் வயதையும் வம்சத்தையும் நீங்கள் மாற்ற முடியாது. எடையும் தசையும் உங்கள் கையில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஓட்டம் துணைதான். வீட்டில் உள்ளவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள். அம்மா பட்ட சிரமத்தை அருகிலிருந்து பார்த்தவர்கள், பயப்படத்தான் செய்வார்கள். அவர்களிடம் வாதாடுவதைவிட, நான் கீழே சொல்லும் மூன்று எண்களை ஆறு வாரம் எழுதி வைத்துக் காட்டுங்கள்.

மொறுமொறு சத்தத்துக்கு ஒரு வரி போதும்: வீக்கம் இல்லாமல் வரும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், நன்றாக இருக்கும் முட்டிகளிலும் அது கேட்கும்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியதுதான் எனக்குக் கவலை தந்தது. இன்னொரு முறை அப்படிச் செய்யாதீர்கள். வலி எவ்வளவு என்பதை வைத்துத்தான் சுமை எவ்வளவு என்று நாம் முடிவு செய்யப் போகிறோம். அதை மாத்திரையால் மூடிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதாகிவிடும். அன்று சாயங்காலம் நடந்தது அதுதான். தவிர, வேர்த்து உடலில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. வலி தாங்காத நாளில் மேலே தடவும் ஜெல் போதும். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, ஓட்டத்தோடு சம்பந்தமில்லாமல் போடுங்கள்.

இனி என்ன செய்வது? முழு ஓய்வு எடுத்துப் பார்த்தீர்கள், உதவவில்லை. ஓய்வில் வலி அடங்கும். முட்டியின் தாங்கும் சக்தியும் கூடவே குறையும். பழைய தூரத்துக்குத் திரும்பினால் பழைய வலி. அதனால் நிறுத்தாமல், முட்டி ஒத்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கி, அங்கிருந்து ஏற வேண்டும்.

எவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்பதற்கு மூன்று எண். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. ஓடும்போது வலி இரண்டைத் தாண்டக் கூடாது. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஓடுவதற்கு முன் இருந்த அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது முந்தைய நாள் காலையைவிடக் கூடியிருக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் அன்றைய தூரம் சரி. ஒன்று தவறினாலும் அடுத்த முறை ஒரு படி குறையுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. லேசான வலியோடு ஓடினால் ஏதாவது கிழிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். இந்த வகை வலியில் இரண்டு வரை அனுமதிக்கலாம்.

கனடாவின் கியூபெக்கில் இதே வலி உள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குச் சுமையை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்ற விளக்கம் மட்டும். இன்னொன்றுக்கு விளக்கத்தோடு உடற்பயிற்சி. மூன்றாவதுக்கு விளக்கத்தோடு ஓடும் முறையில் மாற்றம். எட்டு வாரம் கழித்து மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. எனவே உங்களுக்கான மருந்தில் பெரும்பங்கு அந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது.

மாத்திரை போட்டு ஓடிய அந்த நாளின் வலி அடங்கி, படி இறங்குவது ஓரளவு சகஜமான பிறகு தொடங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ரேஸ் கோர்ஸில் ஒரே ஒரு சுற்று, சுமார் இரண்டரை கிலோமீட்டர். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடி ஓட்டம். குழுவில் உள்ளவர்கள் நான்கு சுற்று போகும்போது நீங்கள் ஒரு சுற்றோடு நிற்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். நில்லுங்கள். தொடர்ந்து மூன்று முறை எண்கள் சரியாக வந்தால் ஒன்றரைச் சுற்று. பிறகு நடையைக் குறைத்து முழுக்க ஓட்டம், அதன் பிறகு இரண்டு சுற்று. முதலில் தூரம் வரட்டும். சமதளத்தில் ஏழெட்டுக் கிலோமீட்டர் வலியில்லாமல் வந்த பிறகு வேகம். மருதமலை எல்லாவற்றுக்கும் கடைசியில். அப்போதும் முதல் சில முறை ஓடி ஏறுங்கள், நடந்து இறங்குங்கள்.

ஓடும் முறையில் ஒன்றே ஒன்று மாற்றிப் பாருங்கள். 30 வினாடியில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். 39 என்றால் நிமிடத்துக்கு 156 அடி. அதே வேகத்தில், அடியைக் கொஞ்சம் சின்னதாக்கி, எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டினால் 164. ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முட்டிமேல் இறங்கும் சுமை குறைகிறது என்று 2011லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழாமல், கிட்டத்தட்ட இடுப்புக்கு அடியில் விழும். மொபைலில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி இருக்கிறது, 164 வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அதற்குத் தாளம் பிடித்து ஓடுங்கள், இரண்டு நிமிடம் உங்கள் இஷ்டப்படி ஓடுங்கள். சில வாரத்தில் கால் பழகிவிடும். கெண்டைக்கால் முதலில் கொஞ்சம் பிடிக்கும், பயப்பட வேண்டாம். 180 என்று யாராவது ஒரே எண்ணை எல்லோருக்கும் சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் உயரம் வேறு, வேகம் வேறு.

அடுத்து பலம். கியூபெக் ஆய்வைச் சொன்ன பிறகும் இதை நான் வற்புறுத்துவேன், ஏனென்றால் உங்கள் ஆசை 2.5 கிலோமீட்டரோடு நிற்கவில்லை, 21 கிலோமீட்டர் வரை போகிறது. முதலில் ஒரு சோதனை. வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியில், எதிரே ஆளுயரக் கண்ணாடி வைத்து, வலது காலில் மட்டும் நில்லுங்கள். சுவரை லேசாகத் தொட்டுக்கொள்ளலாம். இடது குதிகாலை மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்தில், கீழே தரையைத் தொடும்வரை இறக்குங்கள், எடையைத் தரையில் வைக்காமல் மறுபடி மேலே வாருங்கள். கண்ணாடியில் வலது முட்டியையே பாருங்கள். அது நேராகப் பாதத்தின் நடுவிரலைப் பார்த்து மடங்குகிறதா, அல்லது கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா? இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா? கடைசி ஒரு அங்குலத்தில் ‘தொப்’ என்று விழுகிறீர்களா? இடது காலிலும் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். முட்டி உள்ளே சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசையைக் கவனிக்க வேண்டும். ‘தொப்’ என்று விழுந்தால் தொடையின் முன்தசையை. பலருக்கு இரண்டும் இருக்கும்.

வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைச் சற்றுப் பின்பக்கமாகத் தூக்கி இறக்குவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. சுலபமாக வந்ததும் ஒற்றைக் காலில். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவது. வலி இரண்டைத் தாண்டினால் நாற்காலிமேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, அவசரமில்லாமல். இரண்டு மூன்று வாரம் கழித்து அந்தச் சோதனையையே பயிற்சியாக்கிக்கொள்ளலாம், முதலில் தாழ்ந்த பலகை, பிறகு படி. கடைசி இரண்டு தடவை தசை நடுங்க வேண்டும். நடுங்கவில்லையென்றால் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் பிடியுங்கள். பலன் தெரிய ஆறு வாரம் ஆகும். தெரிந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அரை மாரத்தான் ஓடும்வரை, அதற்குப் பிறகும், வாரம் இரண்டு நாளாவது தொடருங்கள்.

உங்கள் நாளில் முட்டியை நசுக்கும் வேறு நேரங்களும் இருக்கின்றன. வங்கி சீட்டில் முப்பது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். கூட்டம் நிற்கும்போது அது முடியாது என்றால் மேசைக்கு அடியில் காலை நீட்டி மடக்குங்கள். பூஜைக்குச் சம்மணமிட்டு உட்காருவது, வஜ்ராசனம், குந்தி உட்கார்ந்து வீடு துடைப்பது இவற்றைச் சில வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். சில வாரத்துக்குத்தான். தரையில் உட்காரவே கூடாது என்று ஆயுள் தண்டனை விதிப்பது எனக்குப் பிடிக்காது. தரையில் உட்கார்ந்து எழ முடிவதே ஒரு பலம், அதை இழந்துவிட்டுத் திரும்பப் பெறுவது கடினம்.

நீ கேப் மாட்டினால் இதமாக இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், அதனால் தசை தளர்ந்துவிடாது, முட்டி குணமாகவும் செய்யாது. டேப் ஒட்டுவதும் அப்படியே, தொடக்க வாரங்களுக்கு ஒரு கைத்தாங்கல். ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியிருந்தால் மாற்றுங்கள். விலை உயர்ந்த ஷூ முட்டியைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், காலுக்கு வசதியாக இருப்பதுதான் உங்கள் ஷூ. எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் தவறில்லை, அழுத்தித் தேய்க்காதீர்கள். கொலாஜன் பவுடருக்குச் செலவிடும் பணத்தில் முட்டையும் பருப்பும் வாங்கலாம். மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையும் அப்படித்தான், 2006இல் அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், வெற்று மாத்திரையைவிட அது மேலாக நிற்கவில்லை. ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. யாராவது சீக்கிரமே அதைச் சொல்வார்கள். இந்த வலிக்கு அது முதல் வழியில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி. ஓட்டத்தைக் கூட்டிய அதே மாதத்தில் எடை குறைய வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைத்தீர்களா? மாதவிலக்கு தள்ளிப் போனதா, நின்றதா? 41 வயதில் அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் ஓடும் அளவுக்குச் சாப்பிடாத உடம்பில் எலும்பு சோர்ந்து நுண்ணிய விரிசல் விடும். அந்த வலி வேறு மாதிரி இருக்கும்: ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பின் மேல் ஓர் இடத்தில் வலிக்கும், ஒற்றைக் காலில் குதித்தால் சுளீரென்று ஏறும், ஓட ஓடக் கூடும், சில சமயம் இரவிலும் வலிக்கும். அப்படி இருந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு டாக்டரைப் பாருங்கள். நான் சொன்ன ‘இரண்டு வரை அனுமதி’ அதற்குப் பொருந்தாது.

வலி முட்டியின் வெளிப்பக்கம் மட்டும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே தூரத்தில் தொடங்குகிறது என்றால் அது தொடையின் வெளிப்பக்கப் பட்டை. சில்லுக்கு நேர் கீழே ஒரே புள்ளியில் என்றால் சில்லுத் தசைநார். இரண்டுக்கும் பயிற்சி கொஞ்சம் மாறும். முட்டி திருகி அன்றே வீங்கியது, மடங்கிய இடத்தில் பூட்டிக்கொண்டு நிமிர மறுக்கிறது, நடக்கையில் வழுக்கி விட்டுப்போகிறது என்றால் ஜவ்வைப் பார்க்க வேண்டும். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

டிசம்பர் ஓட்டத்துக்கு வருகிறேன். அரை மாரத்தான் இந்த முறை வேண்டாம். இப்போது ஒரு சுற்றில் தொடங்கினால், எல்லாம் சரியாகப் போனாலும், டிசம்பரில் 21 கிலோமீட்டருக்கு உங்கள் முட்டி தயாராக இருக்காது. அவசரப்பட்டு ஏற்றினால் செப்டம்பரை மறுபடி செய்ததாகும். கோவை மாரத்தானில் 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் பிரிவுகளும் உண்டு. ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் பிரிவை மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேளுங்கள். நவம்பர் கடைசியில் இரண்டரைச் சுற்று வலி இல்லாமல் வந்தால் 5 கிலோமீட்டருக்குப் போங்கள். மூன்றரைச் சுற்று வந்தால் 10. அதுவும் வரவில்லை என்றால் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நில்லுங்கள், குழுவுக்கு அதுவும் வேண்டும். 21 கிலோமீட்டரை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு தூரத்தை ஒவ்வொரு முறையும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாமல், நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் குறைத்து.

ஆறு வாரம் இதைச் செய்தும் அந்த மூன்று எண்கள் அசையவில்லை என்றால், ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரை நேரில் பாருங்கள். போகும்போது எக்ஸ்ரேயோடு, எண்களை எழுதிய நோட்டையும் பழைய ஷூவையும் எடுத்துப் போங்கள்.